உத்தேசப் பெயர்

அன்று கூட்டக் குறிப்பு எழுதினவன் நான்.
கதிரை நாற்பது, மின்விசிறி ஒன்று,
வந்த தலை நூற்றிப் பதினேழு.

படிவத்தில் சனத்தொகைக்கு ஒரு கோடு,
வீதி நீளத்துக்கு ஒரு கோடு,
தெருவிளக்குக்கும் கோடு இருந்தது.
'உத்தேசப் பெயர்' என்ற இடத்தில் மட்டும்
பதினெட்டுச் சின்னப் பெட்டிகள்.
பெட்டிக்கு ஓர் எழுத்து.
மெய்யெழுத்தின் புள்ளிக்குத் தனிப் பெட்டியா என்று
கச்சேரிக்கு எடுத்துக் கேட்டேன்.
அவர்களுக்கும் தெரியாது.

வெள்ளிக்குள் அனுப்பாவிட்டால்
நகரசபை அடுத்த வருஷத்துக்குப் போய்விடும்,
குப்பை லொறியையும் கூட்டிக்கொண்டு.

ஊருக்கு வயது பதின்மூன்று.
அதுவரை எங்களைக் கூப்பிட்டவர்கள்
தங்கள் தேவைக்கு ஏற்றபடி கூப்பிட்டார்கள்.
நீர்ப்பாசனத்துக்கு இடதுகரை, கட்டம் இரண்டு.
தகரம் தந்த நிறுவனத்துக்குப் பயனாளிகள்.
கண்ணிவெடி எடுத்தவர்களுக்குத்
துப்புரவான பரப்பு.
பஸ் கொண்டக்டர் றம்ஸீனுக்குக்
'கோழிக்கடை இறக்கம்'.
கோழிக்கடை எரிந்து நாலு வருஷம்.

மண்டபத்துக்குச் சீமெந்து தந்த நாகேசர்
தகப்பன் பெயரில் ஒரு 'புரம்' கேட்டார்.
பிள்ளையார் பக்கமும் மாதா பக்கமும்
ஒரேயளவு கை உயர்ந்தது.
ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

பின் வாங்கிலிருந்து
ஒரு பெடியனின் பெயர் வந்தது.
கொஞ்ச நேரம் விசிறிதான் கதைத்தது.
குறிப்பில் அதை நான் எழுதவில்லை.
எழுதச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை.

பிறகு பவளராணி,
மீன் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு வந்தவள்,
நின்றபடி சொன்னாள்:
"அலைகரை எண்டு போடுங்கோவன்."

சிரிப்பு எழும்பி, பாதியில் நின்றது.
அலைகரை எங்களுக்குத் தெரியும்.
குளம் முட்டினால் தண்ணீர் வந்து
தொட்டுப் பார்த்துப் போகிற நிலம்.
கட்டக் கூடாது. கல்லு நட்டிருக்கிறது.
கல்லுக்கு உள்ளே எங்களில் பாதிப் பேர்,
வங்கிக் கிளை, தபால் கந்தோர்,
இந்த மண்டபத்தின் குசினி.

நீர்ப்பாசனப் பொறியியலாளர் பேனையை மூடினார்.
"அது ஊர்ப் பெயரில்லை, ஒதுக்கீடு.
செய்த குற்றத்தையே பெயராய்ப் பதியப் போறியளோ?"

"ஐயா, மாரியில பத்து நாள்
தண்ணி வந்து இருக்குது.
மிச்ச நாளெல்லாம் நாங்கள் இருக்கிறம்.
ஆர் அத்துமீறினது?"

ஹட்டனிலிருந்து எழுபத்தேழில் வந்த வேலாயி
முன்வரிசையில் கால் நீட்டியிருந்தாள்.
"எங்க லயத்துக்கும் நம்பருதான் இருந்துச்சு.
தண்ணிப் பேரு பரவால்ல."

கைபேசி திருத்துகிற டிலக்சன்
விரல் மடித்து எண்ணினான்:
அ, லை, க, ரை.
"நாலு பெட்டி. புள்ளியே இல்லை!"
எனக்கு அந்த இடத்திலேயே அலுவல் முடிந்தது.
ஆனாலும் வாக்கெடுத்தோம்.
ஆதரவு அறுபத்தொன்று, எதிர்ப்புப் பன்னிரண்டு,
மற்றவர்கள் பிளேன்ரீ குடிக்கப் போயிருந்தார்கள்.
மிச்சப் பதினாலு பெட்டியையும்
கோடு கீறி அடைக்கட்டா என்றேன்.
"வெறுமையா விடு" என்றார் நாகேசர்,
இன்னும் கோபமாய்.

வர்த்தமானி வந்தது. பலகை நட்டோம்.
றம்ஸீன் இன்னமும்
கோழிக்கடையில்தான் இறக்குகிறான்.

மார்கழியில், புதுப் பெயருக்கு முதல் கடிதம்.
பதிவுத்தபால், நீர்ப்பாசனத் திணைக்களம்.
ஒதுக்கீட்டு நிலத்திலுள்ள கட்டடங்களை
முப்பது நாளுக்குள் அகற்றுக.
பெறுநர்: செயலாளர், நகரசபை, அலைகரை.
எழுத்துப் பிழை ஒன்றுமில்லை.
இரண்டு தரம் வாசித்துப் பார்த்தேன்.

வரவுப் புத்தகத்தில் இலக்கம் ஒன்று போட்டு
ஒப்பம் வைத்தேன்.
அளவுகோலில் தண்ணீர் இருபத்திரண்டு அடி.
வான் பாய இன்னும் ஒன்றரை.
குசினிக்குப் போய்
அரிசி மூட்டைகளை மேசைமேல் ஏற்றினோம்.